ரயில் நின்ற பாதையில் சைக்கிள் ஓடுகிறது

 

இந்த இதழில் உங்களுக்கு ஒரு சாலையைக் காட்டப் போகிறேன். அந்தச் சாலையில் லோரி கிடையாது. கார் கிடையாது. மோட்டார் சைக்கிளும் கிடையாது. தார்கூடப் போடவில்லை. மலைகளுக்கு நடுவே 152 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் சரளைக் கல் பாதை. சைக்கிளில் போகலாம், நடந்து போகலாம், குதிரையில் போகலாம். இயந்திர வண்டிக்கு மட்டும் அனுமதி இல்லை.

அது இருப்பது நியூசிலாந்து நாட்டின் தென் தீவில், ஒட்டாகோ என்ற வட்டாரத்தில். “எங்கேயோ இருக்கிற நாட்டுச் சாலையைப் பற்றி நமக்கென்ன டீச்சர்?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. காரணம் இல்லாமலா சொல்ல வருவேன்? முதலில் நம் தோட்டத்துச் சங்கதி ஒன்றைக் கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த ஒரு மாணவி. பெயர் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரி. இப்போது பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம். பிற்பகல் பள்ளி. பெரிய சாலை வழியாகப் போனால் ஏழு கிலோமீட்டர். முன்பு ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் பிள்ளைகள் குறைந்ததும் வேன்காரர் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டார். அப்பா செம்பனை வெட்டுபவர். அவர் காட்டிலிருந்து வீடு திரும்புவதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனது பதினொரு நாள்தான் என்று தெரிந்ததும் நான் லயத்துக்கே போனேன்.

“ஏம்மா, பிள்ளைய அனுப்பாம வெச்சிருக்கே?” என்றேன்.

“அனுப்பக் கூடாதுன்னா இருக்கு டீச்சர்? சைக்கிள் இருக்கு. பெரிய ரோட்டுல லோரி போற வேகத்தப் பாத்தா எனக்கு ஈரக்கொல நடுங்குது. படிப்பு பெருசா, உசுரு பெருசா? நீங்களே சொல்லுங்க.”

என்ன பதில் சொல்வது? பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் என் பழைய மாணவன் ஒருவன் டனிடின் நகரிலிருந்து எழுதிய கடிதம் வந்தது. பால்மரத் தோட்டத்தில் பிறந்து, அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனவன். விடுமுறையில் அந்தச் சரளைப் பாதையில் சைக்கிளில் போயிருக்கிறான். “நான்கு நாள் ஓட்டினேன் டீச்சர். பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேட்கவில்லை. சின்ன வயதில் ஸ்டோர் சாலையில் ஓட்டின ஞாபகம் வந்துவிட்டது” என்று எழுதியிருந்தான். அதைப் படித்த பிறகுதான் அந்தப் பாதையைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அது நம் தோட்டங்களின் கதைபோலவே இருந்தது.

ஒட்டாகோவில் 1861ஆம் ஆண்டு தங்கம் கிடைத்தது. மறு ஆண்டு, இன்று கிளைட் என்ற சிற்றூர் இருக்கும் பகுதியின் ஆற்றங்கரையிலும் தங்கம் கிடைத்தது. உலகின் பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் குவிந்தார்கள். சில ஆண்டுகளில் எளிதாக எடுக்கக்கூடிய தங்கம் தீர்ந்தது. பிறகு ஆட்டுப் பண்ணைகளும் பழத் தோட்டங்களும் வந்தன. விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் வேண்டும் அல்லவா? 1879இல் பாதை போடத் தொடங்கினார்கள். 1891இல் மிடில்மார்ச் வரை வந்தது. 1907இல்தான் கிளைட் வந்து சேர்ந்தது. எண்ணிப் பாருங்கள், இருபத்தெட்டு ஆண்டு! மலையைக் குடைந்து, பள்ளத்தாக்கின்மேல் பாலம் கட்டி, மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு போட்ட பாதை. கோடையில் சுடுகிற வெயில், குளிர் காலத்தில் உறைபனி. அந்தத் தொழிலாளிகள் பட்ட பாடு நம் தாத்தா பாட்டிகளுக்குப் புரியும்.

ரயில் வந்தது, ஊர்கள் எழுந்தன. ஒவ்வொரு நிலையத்தையும் ஒட்டி ஒரு கடை, ஒரு தங்கும் விடுதி, ஒரு பள்ளிக்கூடம். ஆட்டு உரோமமும் ஆடுகளும் பழங்களும் கீழே போயின. அரிசி, மாவு, கடிதம், செய்தித்தாள் எல்லாம் மேலே வந்தன. காலம் மாறியது. சாலைகள் நன்றாயின. சரக்கை லோரிகள் பிடித்துக்கொண்டன. கடைசியாகக் கிளைட்டில் பெரிய அணைக்கட்டு கட்டியபோது அதற்கு வேண்டிய பொருள்களைச் சுமந்ததுதான் ரயிலுக்குக் கிடைத்த பெரிய வேலை. அந்த வேலையும் முடிந்தது. 1990இல் கிளைட்டிலிருந்து மிடில்மார்ச் வரையிலான பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஸ்டோர் மூடின தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். முதலில் இளவட்டங்கள் பட்டணம் போகிறார்கள். பிறகு கடை மூடுகிறது. பிறகு பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்புகிறது. ஒட்டாகோவின் சிற்றூர்களுக்கும் அந்தக் கதிதான் வந்திருந்தது.

வெறும் மேடாகக் கிடந்த அந்தப் பாதையை என்ன செய்வது? துண்டு துண்டாகப் பிரித்து அக்கம்பக்கத்து நிலத்தோடு சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால், சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். 1993இல் அந்நாட்டு அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை பாதையை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு ஓர் அறக்கட்டளை அமைத்து, உதவி திரட்டி, வேலையைத் தொடங்கினார்கள். பாலங்களுக்குப் பலகைத் தளம் போட்டார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். ரயில் பாதையின் பெரிய கற்களின் மேல் பொடிச் சரளை பரப்பினார்கள்.

ஊரார் எல்லாரும் கைதட்டி வரவேற்றார்களா என்றால், இல்லை. “இந்தக் காட்டுக்கு யார் சைக்கிள் ஓட்ட வருவான்?” என்று சிரித்தவர்கள் உண்டு. ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஊர் தெரியாதவர்கள் போய்வருவதை விரும்பாமல் எதிர்த்தவர்களும் உண்டு. எந்த ஊரில்தான் புதிய காரியத்துக்கு எதிர்ப்பு இல்லை? 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். சைக்கிளை வாடகைக்குக் கொடுப்பவர், மூட்டையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கித் தங்க இடம் கொடுப்பவர், ரொட்டி சுட்டு விற்பவர் என்று பல குடும்பங்களுக்கு அந்தப் பாதை சோறு போடுகிறது. அந்த வெற்றியைப் பார்த்து, 2009இல் நியூசிலாந்து அரசு நாடு முழுவதும் சைக்கிள் பாதைகள் போட 5 கோடி டாலர் ஒதுக்கியது.

“மலைப் பாதை என்கிறீர்கள், சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் எப்படி மிதிப்பார்கள்?” என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது. ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் ரயில் பாதை போடுபவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல ஏற்றிக் கொண்டுபோவார்கள். ஒட்டாகோ பாதையில் மிக அதிகமான ஏற்றமே ஐம்பதுக்கு ஒன்று. அதாவது, ஐம்பது மீட்டர் தூரம் போனால் ஒரு மீட்டர் உயரம். பாதையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 618 மீட்டர். ஆனாலும் அங்கே ஏறி வந்தது பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை. நம் தோட்டத்துக் கோயில் மேட்டில் ஏறுவதற்குத்தான் அதிகம் மூச்சு வாங்கும்!

பாதையில் பூல்பர்ன் பள்ளத்தாக்கு என்று ஓரிடம். அங்கே மலையைக் குடைந்த இரண்டு குகைப் பாதைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மீட்டர் நீளம். உள்ளே விளக்கு இல்லை. கையோடு டார்ச் கொண்டுபோக வேண்டும். பக்கத்திலேயே கல் தூண்களின் மேல் 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். என் மாணவன் அந்தப் பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திக் கீழே பார்த்தானாம். “இதைக் கட்டினவர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது டீச்சர். ஆனாலும் கும்பிட்டேன்” என்று எழுதியிருந்தான். நம் வீட்டுப் பிள்ளை வேறு எப்படி எழுதுவான்?

பெண்களே, உங்களுக்காக இன்னொரு செய்தி. அந்தப் பாதையோரத்தில் ஒட்டுரெகுவா என்று ஒரு சிற்றூர். அங்கே எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895இல் பண்ணைக் கருவிகள் செய்ய ஆரம்பித்தார். வேலிக் கம்பியை இழுத்துக் கட்டும் கருவியால் பிற்பாடு பேர் பெற்றவர். கருவியைச் செய்துவிட்டால் போதுமா? விற்க வேண்டாமா? அவருடைய மனைவி ஹன்னா சைக்கிளில் ஏறிக் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்து நீளப் பாவாடையோடு, கல்லும் மண்ணுமான சாலைகளில் பண்ணை பண்ணையாகப் போய்க் கருவிகளைக் காட்டிக் கேட்பு வாங்கி வந்தார். ஒன்பது பிள்ளைகளை வளர்த்த தாய் அவர்! அந்தப் பட்டறை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். “பொம்பளைப் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு?” என்று இன்னமும் கேட்கிற தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பத்தியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

சரளைப் பாதையில் ஓட்டுவதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். நம் செம்மண் சாலைக்கும் இவை பொருந்தும். பிள்ளைகளே, கவனமாகப் படியுங்கள்.

மெல்லிய சக்கரம் கல்லில் புதையும்; அகலமான டயர்தான் நல்லது. டயரில் காற்றைக் கல்லுபோல அடிக்காதீர்கள். கொஞ்சம் குறைவாக இருந்தால் கல்லின்மேல் பதிந்து பிடிக்கும், உடம்பும் குலுங்காது. ரொம்பக் குறைத்தால் உள்டியூப் நசுங்கிப் பஞ்சராகும். இறக்கத்தில் முன் பிரேக்கைத் திடீரென்று அழுத்தாதீர்கள். முன் சக்கரம் வழுக்கினால் நேராக முகத்தில்தான் அடி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளைவில் குறைக்கப் பார்த்தால் விழுவீர்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்வாக வைத்திருங்கள். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது. பத்து முழம் தள்ளி முன்னால் இருக்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் செம்மண் சோப்புபோல வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் சங்கிலியில் ஒட்டிய மண்ணைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தலைக்கவசம், குடிதண்ணீர், டியூப் ஒட்டும் பசை, சிறிய பம்பு, விளக்கு இவை கூடவே இருக்கட்டும். விழுந்து கிடக்கும் ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் செருப்பில்லாமல் கால் வைக்காதீர்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். பழக்குலை ஏற்றி வரும் டிராக்டருக்கு வழி விட்டு, ஓரமாக நின்றுகொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இனி எங்கள் தோட்டத்துக்கு வருவோம். அந்தக் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பள்ளியை ஒட்டியே ஒரு பழைய உள்சாலை போகிறது. பால் லோரி ஓடுவதற்காக அந்தக் காலத்தில் போட்டது. பால் சிந்தாமல் போகவேண்டும் என்று மேட்டைச் சுற்றி நிதானமாக வளைத்துப் போட்ட சாலை. பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து, பட்டணத்துப் பள்ளியின் பின்புறச் சாலையில் போய்ச் சேர்கிறது. ஒன்பது கிலோமீட்டர். பெரிய சாலையைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதல். ஆனால், வெளி லோரி ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு தோட்டத்துக்கும் எல்லையில் ஓர் இரும்புக் கேட். பழம் திருடுகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள் என்று சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

நானும் மூன்று தாய்மார்களும் நிர்வாகியைப் பார்க்கப் போனோம். மரியாதையாகத்தான் உட்கார வைத்துப் பேசினார். “பிள்ளைகளுக்குத் திறந்தால் திருடனுக்கும் திறந்த மாதிரிதானே டீச்சர்?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போது நம் மாணவியின் தாய், அதுவரை வாய் திறக்காமல் இருந்தவள், சொன்னாள்: “கேட்டுக்குப் பக்கத்துல முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைய போடுங்க ஐயா. ரெண்டு பிள்ளைங்க சேந்தா ஒரு சைக்கிள தூக்கி அந்தாண்ட வெச்சிருவாங்க. மோட்டார் சைக்கிள எவன் தூக்குவான்?”

நிர்வாகி சிரித்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தாரிடம் பேசி, இரண்டு வாரத்தில் கட்டையும் போட்டுக் கொடுத்தார். நான் படித்த படிப்புக்கு அந்த யோசனை தோன்றவில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது ஐந்து பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள். மாலை ஆறே முக்காலுக்கெல்லாம் மணியடித்துக்கொண்டு லயத்துக்குள் வந்துவிடுகிறார்கள். முதல் வாரம் அந்தத் தாய் தினமும் கேட் வரை நடந்து போய்க் காத்திருந்தாள். இப்போது வாசலில்தான் நிற்கிறாள். இரண்டு மாதத்தில் பிள்ளை பள்ளிக்குப் போகாதது இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் காய்ச்சல்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நானும் மகிழ்ச்சியாக முடித்திருப்பேன். பக்கத்துத் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப் போகிறார்கள் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. விற்றால் சாலை நடுவில் அறுபடும். ஒன்பது கிலோமீட்டரில் ஒரே ஒரு கிலோமீட்டர் போனாலும் மிச்சம் எட்டால் பயனில்லை. ஒட்டாகோக்காரர்கள் புரிந்துகொண்டது இதைத்தான். பாதை என்பது முழுதாக இருந்தால்தான் பாதை. துண்டு போட்டு விற்ற பிறகு எந்த அரசாங்கத்தாலும் எளிதில் ஒட்ட வைக்க முடியாது. கேட்பதை விற்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன், சிங்கப்பூரைப் பாருங்கள். தஞ்சோங் பகார் வரை போன நம் ரயில் 2011 ஜூன் 30ஆம் நாளோடு அங்கே நின்றது. நிலம் கைமாறுவதற்கு முன்பே, 2010இல், அந்நாட்டு இயற்கைக் கழகத்தினர் அந்தப் பாதையை அறுக்காமல் பசுமை வழியாக வைத்திருக்கும்படி கேட்டு எழுதினார்கள். இன்று அந்தப் பாதையின் பெரும்பகுதி மக்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பயன்படுகிறது. மலாயாவில் ரயில் பாதை போட்ட கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு. அவர்கள் மண் சுமந்த வழியில் இன்று பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போகிறார்கள்.

நாங்களும் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். வீடு கட்ட வேண்டாம் என்று கேட்கவில்லை. அந்த வழியில் ஆறடி அகலத்தை மட்டும் விட்டுவையுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். நாற்பத்திரண்டு கையெழுத்து. அதில் ஒன்பது கைநாட்டு. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் இந்தப் பக்கத்தில் சொல்கிறேன்.

வழக்கம்போல் இந்த மாத வீட்டுப்பாடம். பிள்ளைகளே, தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, உங்கள் தோட்டத்துக்குள் இருக்கும் சாலைகளை எல்லாம் ஒரு தாளில் வரையுங்கள். பால் லோரி போன சாலை, ஸ்டோர் சாலை, ஆயாக்கொட்டகைக்குப் போகும் குறுக்குவழி, சுடுகாட்டுப் பாதை, எதையும் விடாதீர்கள். எந்தச் சாலை எங்கே போய் முட்டுகிறது, எங்கே கேட் இருக்கிறது, யார் பூட்டினார்கள் என்று எழுதுங்கள். பெற்றோர்களே, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்குத் தோட்டத்தை அளக்க யாராவது வந்தால், “இங்கே எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி இருக்கிறது” என்று எடுத்துக் காட்ட உங்கள் கையில் அது ஒன்றாவது இருக்கும்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்